மொட்டைமலைக் கணியம்

ததேயுஸ் தன் தம்பி பெர்க்மான்ஸைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அவித்த மரச்சீனிக் கிழங்குத் துண்டு ஒன்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் தன் புதுக் கட்டுமரத்தை அலைக்குமேல் தள்ளிக்கொண்டிருந்தான். விடிந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. கொம்புக்குடாவின் பாறைகள் ஒவ்வொன்றாகக் கறுப்பு நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்த வருடம் ஈஸ்டர் கழிந்த மறுவாரமே பெர்க்மான்ஸ் அண்ணனோடு ஒரே மரத்தில் போவதை நிறுத்திவிட்டுத் தனியாக மரம் கட்டியிருந்தான். சண்டை என்று ஒன்றும் இல்லை. பிரிந்தான், அவ்வளவுதான். ஆனால் சண்டையில்லாமல் பிரிந்ததுதான் ததேயுஸுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

"அண்ணே, அப்பனுக்க பாரு எங்க கெடக்குண்ணு இண்ணைக்காவது சொல்லுவீரா, இல்ல குழிக்குள்ள கொண்டு போவீரா?" என்று கிழங்கைக் கடித்தபடியே பெர்க்மான்ஸ் கேட்டான்.

கடலுக்குத் தெருவும் கிடையாது, வீட்டு எண்ணும் கிடையாது. தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைமேட்டைத்தான் மிக்கேல்துறைக்காரர்கள் பார் என்று சொல்வார்கள். மீன் நிற்பது அதைச் சுற்றித்தான். ஒருமுறை கண்ட பாருக்கு மறுமுறை போய்ச் சேர வேண்டுமானால் கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கோயில் கோபுரம் எந்த மலைக்கு நேரே நிற்கிறது, மேற்கே கல்லுமுனையின் விளக்குமரம் எந்தப் பாறைக்குப் பின்னால் மறைகிறது என்று இரண்டு பக்கமும் பார்த்து, இரண்டும் ஒன்றாய்ப் பொருந்தும் இடத்தில் நங்கூரக்கல்லைப் போட வேண்டும். அதற்குப் பெயர் கணியம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணியம் உண்டு. அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுக் குருவானவர் வெளியே போன பிறகு, சாகப்போகிற தகப்பன் மூத்த மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டு அதைக் காதில் சொல்வான். ததேயுஸின் தகப்பனும் அப்படித்தான் சொல்லிவிட்டுச் செத்தார். இளைய மகன் அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

ததேயுஸ் வலையை உதறுவதை நிறுத்தினான். ஒரு நாள் அலையட்டும், சாயங்காலம் வெறுங்கையோடு வந்து கரையில் நிற்கும்போது சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தான் என்று பிற்பாடு பல வருடங்கள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"கேட்டுக்க. கோயில் கோபுரத்த மொட்டமலைக்க உச்சியில ஏத்து. மேக்க வெளக்குமரம் கொம்புக்கல்லுக்குள்ள ஒளியணும். ரெண்டும் ஒண்ணா வாற எடத்துல கல்லப் போடு."

"மொட்டமலையா? நான் கூர்மலைண்ணுல்லா நெனச்சிருந்தேன்."

"அப்பன் ஒனக்கா சொன்னாரு, எனக்கா?"

பெர்க்மான்ஸ் சிரித்தான். சிரித்ததில் கிழங்கு தண்ணீரில் விழுந்தது. அதை எடுத்துக் கடல் தண்ணீரோடு வாயில் போட்டுக்கொண்டு, மரத்தில் தாவி ஏறி, பாயை விரித்தான். கொம்புக்கல் தாண்டும்வரை ததேயுஸ் பார்த்துக்கொண்டு நின்றான். கூர்மலைதான் சரி. மொட்டைமலை பொய். அப்பன் பாரிலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், வெறும் மணலில் கொண்டுபோய் விடுகிற கணியம் அது.

மணலில் நங்கூரக்கல் பிடிக்காது. அன்று மதியத்துக்குமேல் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. கரையில் நின்றவர்கள் முந்தானையையும் தொப்பியையும் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள். முப்பத்தொரு மரம் போயிருந்தது, முப்பது திரும்பியது. அடுத்த மூன்று நாளும் இரண்டு ஊர் வள்ளங்களும் தேடின. ததேயுஸும் தேடினான். ஆனால் மொட்டைமலைப் பக்கம் மட்டும் அவன் மரத்தைத் திருப்பவில்லை. அங்கே போனால், எதற்காக இங்கே வந்தாய் என்று யாராவது கேட்பார்கள்.

பெர்க்மான்ஸின் மனைவி எத்தலின் கரையில் உட்கார்ந்து எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள். "அவரு எங்க போறேண்ணு சொல்லிட்டுப் போனாரு? யாருட்டயாவது சொன்னாரா?" ததேயுஸிடமும் கேட்டாள். "தெரியாது பிள்ளே" என்றான் அவன். அவனுடைய மனைவி ஞானப்பூ செத்து நான்கு வருடமாகியிருந்தது. அன்றிலிருந்து எத்தலின் வீட்டில்தான் அவனுக்கு மதியச் சோறு. தெரியாது என்று சொன்ன அன்றைக்கும் அவள் சோறு போட்டாள், அவனும் தின்றான்.

ஒன்பதாம் நாள் காலையில், கல்லுமுனைக்காரன் சவேரியான் தன் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, இறங்குவதற்கு முன்பே சொன்னான், கடலில் ஒரு பாறை நிற்கிறது என்று.

தண்ணீருக்குமேல் ஓர் ஆள் உயரம் இருந்தது அது. நேற்று முளைத்த பாறைபோல அது இல்லை. இடுப்புவரை சிப்பி அடர்ந்திருந்தது, உச்சியில் நீர்க்காக்கைகள் பரம்பரையாக எச்சமிட்ட வெள்ளை இருந்தது. சவேரியான் அந்த வழியாக இருபத்தைந்து வருடம் போய்வந்தவன். அவனே அதைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை, தன்மேல்தான் கோபப்பட்டான். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் எப்படிப் போனோம் என்று. அவன் வள்ளத்தில் கலவாய் மீன் முட்டுமுட்டாகக் கிடந்தது.

"எடம் எங்கண்ணு சொல்லும் ஓய்" என்று மிக்கேல்துறைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"சொல்லுதேன், எனக்கென்ன, ஆளு பொக்கத்துக்கு மேல நிக்கிற கல்ல மறைச்சா வைக்க முடியும்? ஒங்க கோயில் கோபுரம் மொட்டமலையில ஏறும், எங்க வெளக்குமரம் கொம்புக்கல்லுக்குள்ள ஒளியும். அங்க."

ததேயுஸ் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒரே ஓர் ஆளுக்காகத் தான் உருவாக்கிய வார்த்தைகளை, அந்த ஆள் இல்லாமல் போன பிறகு, அயலூர்க்காரன் வாயிலிருந்து அதே வரிசையில் கேட்டான். பக்கத்தில் மீன் வாங்க வந்த எத்தலின் கூடையைத் தலையிலிருந்து இறக்கி மணலில் வைத்துவிட்டு, வாங்காமலே போய்விட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு மீன் வாடை பிடிக்கவில்லை என்று மற்றப் பெண்கள் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு ஊரும் புதுக்கல்லை ஏற்றுக்கொண்ட விதம், ஒரு வீட்டில் புது மருமகள் வந்தால் ஏற்றுக்கொள்வதைப்போல இருந்தது. முதலில் யாருடையது என்று தகராறு. கல்லுமுனைக்காரர்கள் விளக்குமரம் தங்களுடையது, அதனால் கல்லும் தங்களுடையது என்றார்கள். கோபுரம் எங்களுடையது என்றார்கள் மிக்கேல்துறைக்காரர்கள். மலைக்காரன் வந்து கேட்டால் என்ன செய்வீர்கள் என்று பாதர் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒற்றைப்படை நாளில் ஓர் ஊர், இரட்டைப்படை நாளில் மற்ற ஊர், ஞாயிற்றுக்கிழமை யாரும் போகக்கூடாது என்று முடிவாயிற்று. இப்படி ஒரு கல் திடீரென்று வரலாமா என்று ஓர் உபதேசியார் சந்தேகம் கேட்டதற்கு, "படைப்பு வேலை முடிஞ்சுபோச்சு, இனி ஒண்ணும் கிடையாதுண்ணு வேதத்துல எங்கேயும் எழுதல்ல மக்களே" என்று சொல்லிவிட்டு, பாதர் ஒரு வள்ளத்தில் போய் அதன்மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு வந்தார். தெளித்த தண்ணீர் உடனே காய்ந்துவிட்டது என்று துடுப்பு வலித்தவர்கள் சொன்னார்கள். ஏனென்றால் புதுக்கல் சூடாக இருந்தது. வெயில் ஏறுமுன்பும் சூடாக இருந்தது, மழையிலும் சூடாக இருந்தது. கொதிக்கிற சூடு இல்லை, இப்போதுதான் ஓர் ஆள் எழும்பிப் போன பாயைப்போன்ற சூடு. குளிர்ந்த காலைகளில் ஆண்கள் தூண்டிலைப் போட்டுவிட்டு அதில் முதுகைச் சாய்த்துப் பீடி பிடித்தார்கள். அதன் பிடரிபோன்ற இடத்தில் கயிற்றைச் சுற்றிவிட்டால் எந்தக் காற்றிலும் வள்ளம் அசையவில்லை. "முடிச்சே போடண்டாம் பாத்துக்க, ஒருத்தன் கையில பிடிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்றான் சவேரியான். அதைச் சொன்னபோது அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. கேட்டவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

அளவை எடுக்கிற கப்பல் ஒன்று வந்து நான்கு நாள் நின்றது. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, கல் முன்பே இருந்திருக்கிறது, குறிக்க விட்டுப்போயிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த வருடம் இரண்டு ஊரிலும் பதினேழு கல்யாணம் நடந்தது. ஓலைக்கூரைகள் ஓடாக மாறின. மொட்டைமலைக் கணியம் எல்லோர் வாயிலும் வந்தது. ஏலம் போடுகிற பெண்கள், இது எந்தக் கடல் மீன் என்று கேட்டால் கணியத்தையே பதிலாகச் சொன்னார்கள். ததேயுஸ் கடைக்குப் போனாலும், முடி வெட்டப் போனாலும், பூசைக்குப் போய்த் திரும்பும்போதும், தன் பொய் தனக்கு முன்னால் நடந்துபோவதைப் பார்த்தான். அவன் ஒருவன் மட்டும் அங்கே போகவில்லை.

"ஏன் ஓய், ஒமக்கு மட்டும் அந்த மீனு கசக்குதா? கணியம் பாக்கதுல ஒம்மக் கழிச்சா இந்தக் கடல்ல ஆளு கெடயாது, ஆனா கண்ணு முன்னால நிக்கிற கல்லு தெரியல்ல" என்று சவேரியான் சீண்டுவான்.

"எனக்கு அப்பனுக்க பாரு போதும்" என்பான் ததேயுஸ். ஆனால் அப்பன் பாருக்கும் அவன் போகவில்லை. அங்கே நின்று பார்த்தால் புதுக்கல் தெரியும். குடாவுக்குள்ளேயே, பாறை இடுக்கில் சின்ன மீன்களுக்குத் தூண்டில் போட்டுக் காலத்தைத் தள்ளினான்.

உடல் கிடைக்காதவர்களுக்கு நாற்பத்தோராம் நாள், அவர்களுடைய சட்டை ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்வது அந்த ஊர் வழக்கம். எத்தலின் சட்டை கொடுக்கவில்லை. டிரங்குப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பாதர் வந்து பேசினார். பெண்கள் வந்து பேசினார்கள். ஒரு வருடமாயிற்று, இரண்டு வருடமாயிற்று. "அவரு எங்க போனாரு, எதுக்குப் போனாருண்ணு சொல்லவேண்டிய ஆளு சொல்லட்டும். பெறவு நான் அழுதுக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னாள். கடலைத்தான் சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ததேயுஸும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் அழாததால் ஊருக்கு அவன் தம்பி சாகவில்லை. சாகாதவனுக்குப் பூசையில்லை, கல்லறையில் விளக்கில்லை, ஆத்துமாக்கள் திருநாளில் அவன் பெயரைப் படிப்பதில்லை. செத்தும் சாகாமலும் அவன் நின்றுகொண்டிருந்தான். எங்கே நிற்கிறான் என்று ததேயுஸுக்குத் தெரியும்.

மூன்றாம் வருடம் ஒரு மதியம், சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு எத்தலின் எதிரே உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்ததில்லை.

"அத்தான், அண்ணைக்குக் காலைல அவரு துடுப்பு எடுக்க மறந்துபோய் வீட்டுக்குத் திரும்பி வந்தாரு. ஒங்களுக்குத் தெரியுமா?"

ததேயுஸ் சோற்றைப் பிசைந்தான். அவனுக்கு அது தெரியாது.

"மரத்தக் கொம்புக்கல்லுக்கு அந்தப் பக்கமா நிறுத்திட்டு, பாறை இடுக்கு வழியா ஓடி வந்தாரு. வரும்போதே செபமாலை மாதிரி சொல்லிட்டு வந்தாரு. கோபுரம் மொட்டமலையில, வெளக்குமரம் கொம்புக்கல்லுல. கோபுரம் மொட்டமலையில, வெளக்குமரம் கொம்புக்கல்லுல. என்னதுண்ணு கேட்டதுக்கு, பேசாத, மறந்துபோவும்ண்ணாரு. துடுப்ப எடுத்துட்டு, சொல்லிட்டே போனாரு."

வெளியே யாரோ கோழியை விரட்டும் சத்தம் கேட்டது.

"அது ஒரு எடம்ண்ணு சவேரியான் கரையில நிண்ணு சொன்னப்பதான் வெளங்கிச்சு, ஆனா அந்த வார்த்த ஒம்பது நாளு முந்தியே எனக்குத் தெரியும் அத்தான். கல்ல யாரும் காணுததுக்கு முந்தியே தெரியும். அவருக்குக் கணியம் சொல்ல ஒங்கள விட்டா ஆளு ஏது? மூணு வருசமா ஒங்களுக்குச் சோறு போடுதேன். இண்ணைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருண்ணு."

ததேயுஸ் தட்டை நகர்த்தினான். கையில் ஒட்டிய சோறு காய்ந்து பிடித்துக்கொண்டது.

"அங்க ஒண்ணும் கெடயாது பிள்ளே" என்றான். "வெறும் மணலு. நான் சொன்னது பொய்க் கணியம்."

"கல்லு நிக்குதே."

"நான் சொல்லும்போ இல்ல."

எத்தலின் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "மரத்த எறக்குங்க" என்றாள்.

அந்தக் கரையில் பெண்கள் மரம் ஏறுவது வழக்கமில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை; புதுக்கல்லுக்கும் யாரும் போகக்கூடாத நாள். இரண்டு விதியையும் ஒரே நேரத்தில் மீறிக்கொண்டு அவர்கள் போவதை, கோயில் மதிலில் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த இரண்டுபேர் போன தோரணை அப்படி இருந்தது. ததேயுஸ் துடுப்பு வலித்தான். அவள் முன்பக்கம் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கோபுரம் மெல்ல மெல்ல நகர்ந்து மொட்டைமலையின் வழுக்கைத் தலைக்கு நேரே ஏறுவதையும், விளக்குமரம் கொம்புக்கல்லுக்குப் பின்னால் கால்பங்கு, அரைப்பங்கு, முழுவதுமாக ஒளிவதையும் அவளே கண்டுபிடித்து, "இங்கதான்" என்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். கல் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

கிட்டே போனதும் அலை அடங்கியது. நீர்க்காக்கைகள் பறக்கவில்லை, தலையை மட்டும் திருப்பின. எத்தலின் கையை நீட்டிக் கல்லைத் தொட்டாள். பிறகு நெற்றியை அதில் வைத்தாள். சிப்பி குத்தி இரத்தம் வந்தது, எடுக்கவில்லை. காய்ச்சல்காரன் நெஞ்சில் தலைவைத்துக் கேட்பதைப்போல இருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"என்னத்த?"

"அவரு கேட்டத."

ததேயுஸ் கரையைப் பார்த்தான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. அவன் சாகும்போது கூப்பிட்டுக் காதில் சொல்ல ஆளில்லாத வார்த்தைகள் அவை. மரம் கயிறில்லாமலே கல்லோடு ஒட்டி நின்றது. துடுப்பை வலித்துப் பார்த்தான், நகரவில்லை. சொல்லாமல் அங்கிருந்து போக முடியாது என்பது அவனுக்குப் புரிந்தது.

"கூர்மலை" என்று கல்லைப் பார்த்துச் சொன்னான். "கோபுரத்தக் கூர்மலையில ஏத்தணும் மக்களே. நீ நெனச்சதுதான் சரி. வெளக்குமரம் கொம்புக்கல்லுல, அது மாறல்ல. கூர்மலைதான்."

மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லும்போது மரம் விலகி மிதந்தது. எத்தலின் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். கரை ஏறியதும், "இனி சோத்துக்கு வரண்டாம் அத்தான்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

திங்கட்கிழமை கல்லுமுனைக்காரர்களின் முறை. போனவர்கள் ஏழு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். கோபுரம் மொட்டைமலையில் இருந்தது, விளக்குமரம் கொம்புக்கல்லில் இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை. ஈயக்குண்டை இறக்கினால் மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. நீர்க்காக்கைகள் மட்டும் உட்கார இடமில்லாமல் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. மிக்கேல்துறைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை போய் என்னவோ செய்துவிட்டார்கள் என்று அவர்கள் கம்போடு வந்தார்கள். கரையில் இரண்டு ஊரும் எதிரெதிரே நின்றன. பாதர் நடுவில் நின்று அங்கியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

அப்போது எத்தலின் மீன் ஏலம் போடும் மேட்டில் ஏறினாள். நெற்றிக் காயம் காய்ந்திருந்தது.

"கல்ல யாரும் தூக்கிட்டுப் போவல்ல. அவரு கேட்டுட்டு நிண்ணாரு. நேத்து பதிலு சொல்லியாச்சு, போயிட்டாரு" என்றாள். பிறகு, இரண்டு ஊர் ஆண்களும் கேட்க, ஏலத்தொகை சொல்லுகிற அதே குரலில், ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாகக் காதோடு காதாக வைத்திருந்த அப்பன் பாரின் கணியத்தைச் சொன்னாள். "கோபுரம் கூர்மலையில. வெளக்குமரம் கொம்புக்கல்லுல. போய்ப் பிடிச்சுக்கிடுங்க. இனி இந்தக் கரையில இத ஒருத்தன்ட்ட ஒருத்தன் கேட்டுட்டு நிக்கண்டாம்."

கம்புகள் தாழ்ந்தன. கூட்டத்தின் கண்கள் ஒவ்வொன்றாகத் ததேயுஸ் பக்கம் திரும்பின. எதற்காகத் திரும்புகிறோம் என்று அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. சவேரியான் மட்டும் கிட்டே வந்து, ஏதோ சீண்டலாகச் சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல், மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுப் போனான்.

அன்று மதியமே வள்ளங்கள் கூர்மலைக் கணியத்துக்குப் போயின. தண்ணீருக்குமேல் அங்கே எந்தக் கல்லும் தெரியவில்லை. ஆனால் போட்ட நங்கூரம் அத்தனையும் முதல் வீச்சிலேயே பிடித்துக்கொண்டது.

எத்தலின் செவ்வாய்க்கிழமை டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அவள் அழுத சத்தம் கல்லுமுனைவரை கேட்டது என்றார்கள். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ததேயுஸ் ஒருவன். அவனைத் தூக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை, தூக்கச் சொல்லவும் இல்லை. ஒரு சட்டை மட்டும் வைத்த பெட்டிக்கு அது கனமாக இருந்தது என்று அவன் நினைத்தான், மற்ற மூன்று பேரும் எப்படி நினைத்தார்கள் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அவன் தானே சமைத்துத் தின்றான். ஒரு மாதத்துக்குள் இரண்டு ஊரும், புதுக்கல் வந்ததும் வழக்கம்தான், போனதும் வழக்கம்தான் என்று பேசத் தொடங்கிவிட்டன.

அந்தப் பாரை இப்போது யாரும் அப்பன் பார் என்று சொல்வதில்லை. எத்தலின் பார் என்கிறார்கள். கை விரித்து அளந்தால் ஆழம் பதினாறு பாகம். ஆடி தொடங்கி ஐப்பசிவரை கலவாய் கிடைக்கும்.